உரியவர் பேசினால் விலக வேண்டும்

ஜூன் 9

அனுமதி வந்துவிட்டது. ஆய்வகத் தலைவர் வரதராஜுலு சார் போனில் ‘வந்தாச்சும்மா’ என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். நான் ஆய்வகத்து நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். மூன்று வருடமாக இந்த மேஜைக்கும் அந்த மேஜைக்கும் நடுவே பேசிக்கொண்டிருந்த என் பெட்டி இனி மலையில் பேசப்போகிறது.

புது நோட்டு என்பதால் விவரமாகவே எழுதி வைக்கிறேன். தொட்டமலை முழுவதற்கும் வனத்துறை உரிமம் வாங்கி வைத்திருக்கும் அலைவரிசைகள் பன்னிரண்டு. காவலர்கள் கையிலிருக்கும் வயர்லெஸ் எல்லாம் அவற்றில்தான் பேசுகின்றன. எந்த நேரம் பார்த்தாலும் ஒன்றோ இரண்டோதான் பேச்சில் இருக்கும். மீதி சும்மா கிடக்கும். அதே மலையில் நெல்லிக்கொம்பை என்ற ஊரில் ஒரு துணை சுகாதார நிலையம் இருக்கிறது. செல்போன் கோபுரம் கிடையாது. ஒருவருக்கு ஈசிஜி எடுத்தால் அந்தத் தாளை ஜீப்பில் கொடுத்தனுப்பித்தான் அடிவாரத்து மருத்துவமனையில் காட்ட வேண்டும். சும்மா கிடக்கும் அலைவரிசையைத் தேடிப் பிடித்து, அதன்வழியே அந்த ஈசிஜியைக் கீழே அனுப்புவதுதான் பெட்டியின் வேலை. காக்னிட்டிவ் ரேடியோ என்பது அதன் பெரிய பெயர். முதலில் கேட்கும். யாரும் பேசவில்லை என்று தெரிந்தால் பேசும். வனத்துறைக்காரர் யாராவது பொத்தானை அழுத்திவிட்டால் இரண்டு விநாடிக்குள் விலகி வேறு காலியிடத்துக்குப் போய்விட வேண்டும். நிபந்தனை அதுதான். நான்கு மாதச் சோதனை. ஒரு புகார் நிரூபணமானாலும் நிறுத்திவிடுவார்கள்.

கோவில்பட்டிக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். “ஏட்டி, அலைக்கற்றைன்னா அந்தக் கேஸ்ல அடிபட்டுச்சே, அதுவா? அதுலயெல்லாம் நீ ஏன் தலையக் குடுக்க?” என்று பயந்துவிட்டாள். அது வேறு, இது வேறு என்று புரியவைப்பதற்குள் குக்கர் விசில் அடித்துவிட்டது.

ஜூன் 14

நெல்லிக்கொம்பை வந்து சேர்ந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் தொடை மரத்துப் போயிற்று. இங்கே பூங்கோதை அக்காதான் செவிலியர். நாற்பத்தைந்து வயதிருக்கும். நிலையத்தின் பின்னறையில் எனக்கும் ஒரு கட்டில் போட்டிருக்கிறார்.

பெட்டி என்ன செய்யும் என்று கேட்டார். ஆய்வகத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லும் விளக்கத்தைப் படம் வரைந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பஸ்ல லேடீஸ் சீட்டு காலியா இருந்தா ஆம்பள உக்காந்துக்குவான். பொம்பள ஏறினா எந்திரிச்சரோணும். அதானே?” என்றார். அதேதான். கருத்தரங்குகளில் நான் காட்டும் படங்களையெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும்.

ஜூன் 15

ஒட்டக்கரட்டு உச்சியில் வனத்துறையின் வயர்லெஸ் கோபுரம். அதன் அடியில் கட்டுப்பாட்டு அறை. அங்கே இயக்குபவர் பசவராஜ் என்பவர். முப்பது, முப்பத்திரண்டு வயது. மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை. உட்காரச் சொன்னார், ஆனால் தேநீர் தரவில்லை. அனுமதிக் கடிதத்தை மூன்று முறை படித்தார்.

“எங்க ஆளு பேசறப்ப உங்க பொட்டிக்குக் காது கேக்காமப் போச்சுன்னா?” என்று கேட்டார்.

மிகமிக மெல்லிய சமிக்ஞையையும் அது பிடித்துவிடும், ஆய்வகத்தில் ஆயிரக்கணக்கான முறை சோதித்துவிட்டோம் என்றேன். ஆய்வகத்தில் பள்ளம் இருக்கிறதா, பாறை இருக்கிறதா என்று கேட்டார். கேலி மாதிரி இல்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. வாரம் ஒருமுறை அவர் வந்து, தங்கள் பேச்சுக்கு இடையூறு இல்லை என்று ஒரு சீட்டில் கையெழுத்துப் போட வேண்டுமாம். வரட்டும்.

ஜூன் 18

ஆன்டெனா கேபிளை எலி கடித்துவிட்டது. கூரை மேல் மூன்று மணி நேரம். காலில் அட்டைக்கடி இரண்டு.

ஜூன் 21

பேசிவிட்டது! பேசிவிட்டது.

முதல் ஈசிஜி பூங்கோதை அக்காவுடையது. நோயாளி யாரும் வராததால் தானே படுத்துக்கொண்டார். அனுப்பு என்று அழுத்தினேன். அடிவார மருத்துவமனையில் இன்னொரு பெட்டியின் முன் உட்கார்ந்திருந்த டாக்டர் நஸ்ரீனின் குரல் பெட்டியிலிருந்து தெளிவாக வந்தது. துடிப்பு சரியாக இருக்கிறது, ஆனால் அம்மா நடைப்பயிற்சி போக வேண்டும் என்றார். அக்கா கட்டிலில் படுத்தபடியே, இந்த மலையில் இதற்கு மேல் எங்கே நடப்பது என்று பதில் சொன்னார்.

அந்தப் பேச்சுக்கு நடுவில் யாரோ ஒரு காவலர் பொத்தானை அழுத்தினார். திரையில் நாங்கள் இருந்த இடத்தில் மஞ்சள் தூண் ஒன்று எழுந்தது. பெட்டி அடுத்த காலியிடத்துக்குத் தாவிவிட்டது. ஒரு விநாடிகூட ஆகவில்லை. டாக்டருக்கு எதுவுமே தெரியவில்லை. நான் மட்டும் பார்த்தேன். மூன்று வருடம் இதைத்தானே படமாக வரைந்துகொண்டிருந்தேன்.

என்ன பேசுகிறார்கள் என்று பெட்டி கேட்காது. யாரோ பேசுகிறார்கள் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். எனக்கும் அவ்வளவுதான்.

ஜூன் 30

இதுவரை நாற்பது பேரின் ஈசிஜியும் ரத்த அழுத்தக் கணக்கும் மலை இறங்கியிருக்கின்றன. ஒரு பெரியவரை உடனே கீழே அனுப்பச் சொன்னார் டாக்டர். போனார், பிழைத்தார்.

கவனித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் மாதி. ஆறு மாதக் கர்ப்பம், அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. அவள் கணவன் ஜடையன் வேட்டைத் தடுப்புக் காவலர். மலைக்கு அந்தப் பக்கம் பூதிப்பள்ளத்து முகாமில் இருக்கிறான். பத்து நாளைக்கு ஒருமுறை ஊருக்கு வருவான். வரும்போதெல்லாம் மாதியின் கர்ப்பகால அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். எண்கள் படிக்கத் தெரியும். அவற்றுக்கு என்ன அர்த்தம் என்றுதான் தெரியவில்லை என்கிறான்.

பசவராஜ் இரண்டாவது முறையாக வந்து ‘புகார் இல்லை’ என்று கையெழுத்திட்டார். அக்கா ராகிக் களி போட்டார். சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்தார் மனிதர். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 12

காலை ஏழு மணிக்கு ஒட்டக்கரட்டிலிருந்து எல்லா முகாம்களையும் பெயர் சொல்லி அழைப்பார்கள். திரையில் உயரமான தூண் ஒன்று வரும், பிறகு முகாம்கள் பதில் சொல்லும் குட்டித் தூண்கள். இன்று ஏழு மணிக்கு எதுவும் வரவில்லை. ஏழேகாலுக்கும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பாறை மேல் ஏறினால் மட்டும் செல்போனுக்கு ஒரு கோடு சிக்னல் கிடைக்கும். ஏறினேன். கோபுரத்துக்குப் போன் செய்தேன். வேறொருவர் எடுத்தார். பசவராஜ் தன் அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சைக்காகக் கீழே போயிருக்கிறாராம். இவர் புது ஆள், தாமதமாகிவிட்டது என்றார்.

பெட்டியின் கேட்கும் திறனில் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் கேட்டேன். எப்போது திரும்புவார் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டேன். வாராந்திரக் கையெழுத்து இருக்கிறதே.

பாறையிலிருந்து இறங்கும்போது அக்கா வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்.

ஜூலை 27

மழையில் நனைந்துகொண்டே பசவராஜ் பைக்கில் வந்தார். கையெழுத்து நாள் இல்லை. வாசலிலேயே நின்றார்.

“நேத்து மத்தியானம் ஜடையன் மூணு தடவ கூப்புட்டிருக்கான் மேடம். எனக்கு வெறும் இரைச்சல்தான் வந்துச்சு.”

பூதிப்பள்ளத்து முகாமுக்குப் பக்கத்தில் ஒற்றைக் கொம்பன் வந்திருக்கிறது. மற்றவர்கள் ரோந்து போயிருந்தார்கள். தனியாக இருந்த ஜடையன் மரத்தில் ஏறிக்கொண்டு வயர்லெஸ்ஸில் அழைத்திருக்கிறான். நான்காவது முறைதான் பசவராஜுக்குக் குரல் கேட்டது. பக்கத்து முகாமிலிருந்து ஆட்கள் போய்ச் சத்தம் போட்டு யானையைத் திருப்பியிருக்கிறார்கள். ஜடையனுக்கு முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை.

நேரம் கேட்டேன். சொன்னார். அந்த நேரத்தில் நாங்கள் ஒருவருடைய ஈசிஜியை அனுப்பிக்கொண்டிருந்தோம். அதே அலைவரிசையில். அங்கே யாரும் பேசவில்லை என்று பெட்டி நிச்சயமாக நம்பியிருந்தது. மஞ்சள் தூண் எழவே இல்லை.

புகார் எழுதிவிட்டீர்களா என்று கேட்டேன்.

“இல்லீங். மொதல்ல உங்ககிட்ட கேக்கோணும்னு வந்தேன்.”

உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஜூலை 28

பசவராஜோடும் ஜடையனோடும் பூதிப்பள்ளத்தில் இறங்கினேன். மரத்தைக் காட்டினான். பட்டை உரிந்திருந்தது. அதே இடத்தில் நின்று அவனைப் பொத்தானை அழுத்திப் பேசச் சொன்னோம். நிலையத்தில் அக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூண் எதுவும் வரவில்லை. கோபுரத்திலோ அவன் குரல் மெல்லியதாக, ஆனால் புரிகிற மாதிரி கேட்டிருக்கிறது.

மலையின் முதுகு நடுவில் நிற்கிறது. நெல்லிக்கொம்பைக் கூரையிலிருந்து என் பெட்டியால் பள்ளத்துக்குள் இருப்பவரைக் கேட்கவே முடியாது. ஆனால் உச்சியில் இருக்கும் கோபுரத்துக்கு இரண்டு பக்கமும் கேட்கும். ஆகவே நான் காலியிடம் என்று நினைத்துப் பேசியபோது, கோபுரத்தில் என் குரல் ஜடையனின் குரலை மூடிவிட்டது. பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க உண்டு இதைப் பற்றி. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

சரிசெய்யும் வழியும் அதே பள்ளத்தில் நிற்கும்போதே பிடிபட்டது. ஒரு காது போதாது. வெவ்வேறு இடங்களில் காதுகள் வேண்டும். முக்கியமாகக் கோபுரத்தின் மேலேயே ஒன்று. அது கேட்டுச் சொன்னால் என் பெட்டி விலகிவிடும். வெட்கத்துக்கு நடுவிலும் அதை நினைத்ததும் உடம்பெல்லாம் பரபரத்தது. அதற்காகவும் வெட்கப்பட்டேன்.

பாறை மேலிருந்து சாரிடம் பேசினேன். இப்போதைக்குக் காரணம் தெரியாத இரைச்சல் என்று எழுதுவோம், முதலில் சரிசெய்துவிட்டுப் பிறகு விவரமாகத் தெரிவிக்கலாம், மூன்று வருட உழைப்பும்மா என்றார். அவர் கெட்டவர் அல்ல. எனக்காகவும்தான் சொன்னார்.

“சார், அந்த ஆள் மரத்து மேல இருந்திருக்கார்” என்றேன்.

அப்படியானால் அனுமதிக் குழுவுக்கு உள்ளபடியே அறிக்கை அனுப்பிவிடு என்றார். அனுப்பினேன். அனுப்பியதும் பெட்டியை அணைத்தேன்.

ஜூலை 29

ஈசிஜித் தாளை ஜீப்பில் கொடுத்தனுப்பினார் அக்கா.

ஆகஸ்ட் 4

சோதனை நிறுத்தம். பதினைந்தாம் தேதிக்குள் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும் என்று அனுமதிக் குழுவின் உத்தரவு.

கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஜடையனும் மாதியும் வந்தார்கள். மாதியின் கால் வீங்கியிருந்தது. அக்கா அழுத்தம் பார்த்தார். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, டாக்டரம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். என்னைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

ஜடையன் என்னிடம் வந்து, எதற்குக் கழற்றுகிறீர்கள் என்றான். உன்னால் கூப்பிட முடியாமல் போயிற்றே, அதனால்தான் என்றேன். சரிசெய்ய முடியாதா என்று கேட்டான். முடியும், ஆனால் கோபுரத்தில் ஒரு பெட்டி வைக்க வேண்டும், அதை வனத்துறைதான் அனுமதிக்க வேண்டும், இவ்வளவு நடந்த பிறகு எந்த முகத்தோடு கேட்பது என்றேன்.

“நான் கேக்கறேன். பள்ளத்துல இருந்து நான் கூப்புட்டா அங்க கேக்கோணும். இவளுக்கு ஒண்ணுன்னா டாக்டருக்குத் தெரியோணும். எனக்கு ரெண்டும் வேணும் மேடம்” என்றான்.

மாதியை அக்காவிடம் விட்டுவிட்டு அப்போதே ஒட்டக்கரட்டுக்கு ஏறினான்.

ஆகஸ்ட் 7

இன்று நடந்ததை வரிசையாக எழுத முடியுமா என்று பார்க்கிறேன்.

வனச்சரகர் தில்லைநாயகம் தன் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார். திட்டு வாங்கத்தான் போகிறேன் என்று நினைத்துப் போனேன். பசவராஜ் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. சரகரைப் பார்த்தே பேசினார். பெட்டிக்குக் காது போதவில்லை, நம் கோபுரத்தில் ஒரு காது வைக்க இடம் கொடுத்தால் போதும், நம் ஆட்களின் பேச்சை அதைவிட நன்றாகக் கேட்கும் இடம் இந்த மலையில் வேறு கிடையாது என்றார். சரகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி இடையூறு வந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார்.

“நானுங்” என்றார் பசவராஜ்.

ஜூன் மாதம் எனக்குத் தேநீர்கூடத் தராத மனிதர்!

சரகர் என் பக்கம் திரும்பி, நீங்களே அறிக்கை அனுப்பினீர்களாமே என்றார். ஆமாம் என்றேன். இடையூறு செய்தவர்களே முதலில் வந்து சொன்னது என் பணிக்காலத்தில் இதுதான் முதல் தடவை என்று சொல்லிவிட்டு, பரிந்துரைக் கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னார்.

ஆகஸ்ட் 19

சோதனையைத் தொடரலாம் என்று குழு சொல்லிவிட்டது. ஒரு நிபந்தனை: பத்து நாள் வெறும் பரீட்சை. நோயாளி விவரம் எதுவும் அனுப்பக்கூடாது. தவறு நேர்ந்தால் அதோடு முடிந்தது.

கோபுரத்தில் வெளியாட்கள் ஏறக்கூடாது என்பது விதி. ஆகவே காதுப் பெட்டியைத் தோளில் கட்டிக்கொண்டு பசவராஜே ஏறினார். நான் கீழே நின்று, இடது பக்கம், இன்னும் கொஞ்சம் மேலே, அந்தப் போல்ட்டை இறுக்குங்கள் என்று கத்திக்கொண்டிருந்தேன். காற்று பலமாக இருந்தது. அவர் இறங்கி வரும்வரை கழுத்தை நிமிர்த்தியே நின்றதில் இப்போது தலையைத் திருப்ப முடியவில்லை. சோதனைக் கருவி விலை உயர்ந்தது. அதனால்தான் அவ்வளவு கவலை.

இறங்கி வந்ததும் தேநீர் போட்டுக் கொடுத்தார். நல்ல தேநீர் என்று சொல்ல முடியாது. இரண்டு டம்ளர் குடித்தேன்.

ஆகஸ்ட் 23

பரீட்சை என்றால் இதுவல்லவா பரீட்சை! பெட்டியை ஏமாற்றியே தீர்வது என்று பசவராஜும் ஜடையனும் கங்கணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாறை இடுக்கில் உட்கார்ந்து பேசுகிறான் ஜடையன். பேட்டரி தீரப்போகும் கருவியில் பேசுகிறான். ஓடைக்குள் குனிந்துகொண்டு பேசுகிறான். பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறான், பிறகு சட்டென்று பேசுகிறான். ஒவ்வொரு முறையும் கோபுரத்துக் காது பிடித்துவிடுகிறது, பெட்டி விலகிவிடுகிறது. அக்கா திரைக்கு முன்னால் உட்கார்ந்து கிரிக்கெட் பார்ப்பதுபோல் பார்க்கிறார்.

சாயங்காலம் பசவராஜிடம், தோல்வியை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். இன்னும் ஆறு நாள் இருக்கிறதுங்க என்றார். சிரிக்கும்போது வேறு ஆளாகத் தெரிகிறார்.

ஆகஸ்ட் 29

ஒருமுறைகூட ஏமாறவில்லை. ஒருமுறைகூட. நாளை முதல் மறுபடி ஈசிஜி.

செப்டம்பர் 11

அசதியாக இருக்கிறது, ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

காலை பத்து மணிக்கு மாதியைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒன்பதாம் மாதம். தலை வெடிக்கிறது, கண் மங்குகிறது என்றாள். அக்கா அழுத்தம் பார்த்துவிட்டு என்னிடம், “லைனப் போடு கண்ணு” என்றார். அவர் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

டாக்டர் நஸ்ரீன் உடனே வந்தார். அழுத்தக் கணக்கைக் கேட்டதும், வலிப்பு வரக்கூடும், ஆம்புலன்ஸை இப்போதே கிளப்புகிறேன், அதற்குள் ஊசி போட்டாக வேண்டும், நான் சொல்லச் சொல்லச் செய்யுங்கள் என்றார். அக்கா இந்த ஊசியைப் பயிற்சியில் பார்த்ததோடு சரி.

அதே சமயம் திரையில் தூண்கள் எழத் தொடங்கின. ஒன்று, மூன்று, ஐந்து. இவ்வளவு பேச்சை நான் இந்த மலையில் பார்த்ததே இல்லை. பெட்டி தாவிக்கொண்டே இருந்தது. என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பிற்பாடுதான் பசவராஜ் சொன்னார். குட்டியோடு நான்கு யானைகள் மலைப்பாதையின் ஒன்பதாம் வளைவில் வந்து நின்றுவிட்டன. ஆம்புலன்ஸ் அடிவாரத்திலிருந்து ஏறத் தொடங்கியிருந்தது. குட்டி இருக்கும் கூட்டத்தை விரட்டக்கூடாது. பூதிப்பள்ளத்துக் காவலர்கள் பக்கவாட்டில் சுற்றி வந்து, பாதை விட்டு அவை தாமாக இறங்கும்படி மெதுவாக வழிப்படுத்த வேண்டும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லாமல் அது முடியாது. அந்தக் குழுவின் முன்னால் போனவன் ஜடையன்.

“ஒவ்வொரு பக்கமும்…” என்றார் டாக்டர். குரல் அறுந்தது.

திரையில் நாங்கள் இருந்த இடத்தில் மெல்லிய தூண் ஒன்று. பள்ளத்திலிருந்து யாரோ. கூரையிலிருந்து என்றால் தெரிந்தே இருக்காது. கோபுரத்துக் காது சொல்லி, பெட்டி விலகியிருக்கிறது. சாதாரணமாக உடனே அடுத்த இடம் கிடைக்கும். இன்று பன்னிரண்டும் நெருக்கியடித்துக் கிடந்தன. ஒரு மூச்சு விடும் நேரம்தான். எனக்கு அது முடியவே இல்லை. அக்கா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியையே பார்த்தார். நான் எதையும் தொடவில்லை. தொட்டு, விலகாதே என்று அதற்குச் சொல்ல என்னால் முடியும். ஒரு கட்டளைதான். விரல் அந்தப் பக்கம் போனது உண்மை. ஜடையன் ஏறிய மரத்தின் உரிந்த பட்டை கண் முன்னால் வந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

குரல் திரும்பி வந்தது. அக்கா, மறுபடி சொல்லுங்கம்மா என்றார்.

“ஒவ்வொரு பக்கமும் அஞ்சு கிராம். ஆழமாப் போடுங்க. நான் இங்கதான் இருக்கேன்.”

போட்டார். அதன் பிறகு எத்தனை முறை பெட்டி தாவியது என்று எண்ணவில்லை. வலிப்பு வரவில்லை.

யானைகள் இறங்கின. ஆம்புலன்ஸ் வந்தது. அக்கா மாதியோடு ஏறிக்கொண்டார். நான் தனியாக வாசலில் நின்றேன். பூட்டவும் தோன்றவில்லை, உட்காரவும் தோன்றவில்லை.

நான்கு மணிக்கு டாக்டரிடமிருந்து பெட்டி வழியாகச் செய்தி: பெண் குழந்தை, சிறியது, நன்றாக அழுகிறது. மாதி கண்ணைத் திறந்துவிட்டாள். கோபுரத்துக் காதோடு இணைத்து, கீழே கட்டுப்பாட்டு அறையில் ஒரு சிறு திரை உண்டு. அதில் வரும்படி அந்தச் செய்தியை அப்படியே தட்டினேன். அனுப்பி முடித்ததும், நாங்கள் இருந்த அலைவரிசையிலேயே உயரமான மஞ்சள் தூண் எழுந்தது. ஒட்டக்கரடு பேசுகிறது. பெட்டி விலகி இடம் விட்டது. கொஞ்சம் பொறுத்து அதே இடத்தில் மெல்லிய தூண் ஒன்று, பள்ளத்திலிருந்து. பிறகு எல்லா முகாம்களிலிருந்தும் குட்டிக் குட்டியாக.

மூன்று மாதமாகத் தூண்களை மட்டும்தான் பார்த்துவருகிறேன். இன்று ஒன்றில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். அழுதேன். நன்றாகவே அழுதேன்.

செப்டம்பர் 12

பசவராஜ் வந்திருந்தார். ஆம்புலன்ஸ் யாருக்காக வருகிறது என்பது அவருக்கு முதலிலேயே தெரியுமாம். அடிவாரத்திலிருந்து பெயரைச் சொல்லித்தான் வழி கேட்டிருக்கிறார்கள். ஜடையன் யானைக்கு முன்னால் நிற்கிறான் என்பதால், கூட்டம் இறங்கும்வரை அவனிடம் சொல்லவில்லை.

“தப்பாங் மேடம்?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். ஜடையன் என்ன சொன்னான் என்று கேட்டேன். முதலில் கோபப்பட்டான், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை என்றார். தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். அக்கா இல்லாததால் நானே உப்புமா செய்தேன். கட்டி கட்டியாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

செப்டம்பர் 20

குழந்தையோடு மாதி ஊருக்குத் திரும்பிவிட்டாள். குழந்தை அக்காவின் முழங்கை நீளம்தான் இருக்கிறது. ஜடையன் அட்டையைக் காட்டி, இதில் எந்த எண் நல்ல எண் என்று கேட்டான். இப்போது எல்லாமே நல்ல எண்தான் என்றேன்.

அக்டோபர் 9

கோவையில் அனுமதிக் குழுவின் கூட்டம். சார் புதுச் சட்டையில் வந்திருந்தார். வனத்துறைத் தரப்பில் சரகரும் பசவராஜும். ஜூலையில் நடந்த தவறைப் பற்றி நானே முதலில் பேசினேன், பிறகு திருத்தத்தைப் பற்றி. குழுத் தலைவர் பசவராஜிடம், உரிமம் உங்களுடையது, பகிர்ந்துகொள்வதில் உங்களுக்கு என்ன லாபம் என்று கேட்டார். எழுதி வைத்துக்கொண்டு வந்திருந்த தாளை அவர் பார்க்கவில்லை.

“முன்ன எங்க பேச்சு எங்களுக்கு மட்டும்தான் கேட்டுதுங். இப்ப அதக் கேட்டு ஒதுங்கி நிக்க இன்னொருத்தர் இருக்காங்க. எங்களுக்குக் கொறஞ்சது ஒண்ணுமில்லீங்” என்றார்.

தொட்டமலையில் இரண்டு வருடத்துக்குப் பகிர்வு உரிமை. பக்கத்து மூன்று மலைகளில் புதுச் சோதனை. வெளியே வந்ததும் சார் படிக்கட்டிலேயே நின்று என் தலையில் கை வைத்தார். காரில் ஏறிய பிறகு, ஆய்வகத்தை இனி நீ நடத்தும்மா, மலைக்கு வேறு யாரையாவது அனுப்பலாம் என்றார். மலையிலேயே இருக்கிறேன் சார், கேபிள் பிரச்சினை அடிக்கடி வருகிறது என்றேன். கேபிளா என்றார். ஆமாம் சார் என்றேன்.

அக்டோபர் 11

மலைக்குத் திரும்பும் பேருந்தில் பசவராஜ் பக்கத்து இருக்கையில் இருந்தார். சரகர் தன் ஜீப்பில் வரச் சொல்லியும், இறங்கும் இடம் வசதிப்படாது என்று சொல்லிவிட்டாராம். வழியில், கோவில்பட்டி எப்படிப்பட்ட ஊர் என்று கேட்டார். வெயில், கடலைமிட்டாய், தீப்பெட்டி என்றேன். தீபாவளிக்குப் போவீர்களா என்றார். போவேன் என்றேன். இங்கிருந்து நேர் பேருந்து உண்டா என்றார். இல்லை, மதுரையில் இறங்கி மாற வேண்டும் என்றேன். மதுரையில் எந்தப் பேருந்து நிலையம் என்று கேட்டார். மாட்டுத்தாவணி என்றேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பயணச்சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டார். அதன் பிறகு இறங்கும்வரை இரண்டு பேருமே ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தோம்.

சாயங்காலம் பாறை மேல் ஏறி அம்மாவைக் கூப்பிட்டேன். தீபாவளிக்கு வருகிறேன், கூட ஒருவர் வருவார் என்றேன். யார் என்றாள். வனத்துறையில் இருப்பவர் என்றேன்.

“வனத்துறைக்காரங்களுக்கு நம்ம வீட்டுல என்னட்டி வேலை?”

எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அம்மாவும் சும்மா இருந்தாள். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒரு கோடு இருந்தது.

பிறகு, “அந்தத் தம்பி காரம் தின்பாரா?” என்று கேட்டாள்.